இகுவானாவுக்கு வீட்டிலேயே கூண்டு கட்டுவது எப்படி: முதல் முறை கட்டுபவர்களுக்கு

என் இரண்டாவது கூண்டை வீட்டுத் தரையில் படுக்கவைத்துத்தான் கட்டினேன். பலகை, சட்டம், கீல் எல்லாம் கச்சிதம். கடைசி திருகை முடுக்கிவிட்டு, வீட்டில் இருந்த நான்கு பேரும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து நிமிர்த்தினோம். பாதி தூரம் வந்ததும் கூண்டின் மேல்மூலை கூரையில் முட்டி நின்றது. உயரம் 225 செ.மீ., கூரை 240 செ.மீ. என்று அளந்து வைத்திருந்தேன். நிமிர்த்தும்போது மூலைவிட்டம் அல்லவா சுழலும்? அது 246 செ.மீ. என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. அன்று இரவே பாதியைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அந்தக் கூண்டுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தொட்டி. அது இன்னும் பெரிய தவறு, அந்தக் கதை கீழே வருகிறது. மூன்றாவதாகக் கட்டியதில்தான் எங்கள் பச்சையன் இப்போது இருக்கிறான். நீங்கள் முதல் முறையிலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காக, எந்த வரிசையில் வேலையைச் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூண்டு முதலில், இகுவானா பிறகு. குட்டியை வாங்கிவிட்டு, "ஒரு மாதம் இதில் இருக்கட்டும், அப்புறம் கட்டலாம்" என்று தொடங்கியவர்களில் நானும் ஒருவன். அந்த ஒரு மாதம் பதினான்கு மாதம் ஆனது.

1. முதலில் காகித வேலை

மரக்கடைக்குப் போகுமுன் முடிக்க வேண்டியது இது. இகுவானா வளர்ப்பது எல்லா இடத்திலும் அனுமதிக்கப்பட்டதல்ல. சில இடங்களில் முழுத் தடை, சில இடங்களில் உரிமம், சில இடங்களில் பதிவு மட்டும். உங்கள் பகுதியில் வனவிலங்கு விஷயங்களைக் கவனிக்கும் துறையிடம் நேரில் கேளுங்கள், அல்லது எழுதிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்பவர் சொல்லும் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்ல சார்" என்பது ஆவணம் ஆகாது.

கையில் இருக்க வேண்டியவை:

வாங்கிய ரசீது. அதில் இனத்தின் பெயர், தேதி, காட்டில் பிடித்ததல்ல, வளர்ப்பில் பிறந்தது என்ற குறிப்பு. பச்சை இகுவானா சைட்டீஸ் உடன்படிக்கையின் (காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் உள்ள இனம். நாட்டு எல்லையைத் தாண்டி வந்த பிராணி என்றால் அதற்கான அனுமதிச் சீட்டின் நகலும் வேண்டும். நாளைக்கு நீங்கள் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் இதே காகிதங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் ஒப்புதல், எழுத்தில். "செல்லப்பிராணி வைத்துக்கொள்ளலாம்" என்று ஒப்பந்தத்தில் இருந்தால் போதாது. அவர் மனதில் இருப்பது நாயும் பூனையும். ஆறடிப் பல்லி என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் யார், எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பார்க்க மாட்டார்கள்.

உரிமம் தேவைப்படும் இடத்தில் வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வரைபடம் போட உட்காருங்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

2. அளவு: குட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

முட்டையிலிருந்து வந்த குட்டி மூக்கு முதல் வால் நுனி வரை சுமார் 20 செ.மீ. உள்ளங்கையில் உட்காரும். மூன்று வயதில் நான்கு, ஐந்து அடியைத் தொடும். நன்றாக வளர்ந்த ஆண் 5 முதல் 6 அடி வரும், பல கிலோ எடை இருக்கும். பாதிக்கும் மேல் வால்தான் என்றாலும் அந்த வாலுக்கும் இடம் வேண்டும். சரியாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் வாழக்கூடிய பிராணி. கட்டும் கூண்டும் அத்தனை வருடம் தாங்க வேண்டும்.

வளர்ந்த ஒரு இகுவானாவுக்கு நான் சொல்லும் குறைந்தபட்ச அளவு: அகலம் 6 அடி, ஆழம் 3 அடி, உயரம் 6 அடி. இடம் இருந்தால் 8 அடி அகலம் இன்னும் நல்லது. எங்கேயாவது குறைக்க வேண்டும் என்றால் உயரத்தில் கை வைக்காதீர்கள். இது மரத்தில் வாழும் பிராணி. நம் கண்மட்டத்துக்கு மேலே உட்கார இடம் கிடைத்தால்தான் அதற்குப் பயம் போகும். முழங்கால் உயரத்தில் வைத்த தொட்டியில், மேலிருந்து நீளும் ஒவ்வொரு கையும் அதற்குப் பருந்துதான்.

ஆழத்தைப் பலரும் கோட்டை விடுகிறார்கள். இரண்டடி ஆழத்தில் பெரிய இகுவானா திரும்பும்போதெல்லாம் வால் சுவரில் மடங்கும், உரசும், நுனி காய்ந்து ஒடியும். 3 அடி ஆழம் வைத்தால் நம் கை பின்சுவரை எட்டாது, சுத்தம் செய்ய உள்ளே தலையை விட வேண்டும். அதனால் கதவை நாம் நுழையும் அளவுக்குப் பெரிதாக வையுங்கள்.

குட்டிக்கு இவ்வளவு பெரிய கூண்டு ஆகுமா? முதல் சில மாதம் இடைத்தடுப்பு போட்டுப் பாதியை மட்டும் கொடுக்கலாம். சாப்பாடும் வெயில் தட்டும் (விளக்குச் சூட்டில் படுத்துக் காயும் பலகை) எங்கே என்று தெரியாமல் குட்டி திணறும் என்பதுதான் இதற்குக் காரணம். சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கூண்டு வாங்குவது வீண்செலவு. நான் செய்து பார்த்துவிட்டேன்.

ஒரு கூண்டுக்கு ஒரு இகுவானாதான். இரண்டு ஆண்கள் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் ஆனாலும் ஒன்று மற்றதை வெயில் இடத்திலிருந்து விரட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் "கட்டிப்பிடித்துத் தூங்குவது" போலத் தெரியும். உண்மையில் ஒன்று மற்றதை மேலே ஏறி அமுக்கிவைத்திருக்கும்.

3. இடமும், நிமிர்த்தும் கணக்கும்

சமையலறை வேண்டாம், ஏனென்றால் ஊர்வன சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். அறையில் ஜன்னல் வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு இருக்கும், தேவையான புற ஊதா இருக்காது. அரைமணியில் கூண்டு அடுப்பாகிவிடும். நாயோ பூனையோ இருந்தால் அவை கூண்டுக்கு முன்னால் படுத்து வெறித்துப் பார்க்காத அறையைத் தேர்ந்தெடுங்கள்.

இனி கணக்கு. உயரத்தையும் ஆழத்தையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். வரும் எண் கூரை உயரத்தைவிடக் குறைந்தது 5 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். சக்கரம் வைப்பதாக இருந்தால் அதன் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போதுள்ள என் கூண்டு 198 செ.மீ. உயரம், 92 செ.மீ. ஆழம், மூலைவிட்டம் 218. சுலபமாக எழுந்து நின்றது. அதைவிட நல்ல யோசனை, தனித்தனிச் சுவர்களாகச் செய்து நட்டு போல்ட்டால் பூட்டுவது. வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். வாசல் அகலத்தையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளக்காமல் எதையும் வெட்டாதீர்கள்.

பின்சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே 5 செ.மீ. விடுங்கள். வயர் போகவும் ஈரம் தங்காமல் இருக்கவும் அது வேண்டும்.

4. எந்தப் பலகை, எந்த வலை

சுவர்களுக்கு 18 மி.மீ. பிளைவுட் போதும். மேற்பரப்பில் லேமினேட் ஒட்டிய பலகை துடைக்கச் சுலபம், ஆனால் கனம். 8 அடிக்கு 4 அடி முழுப் பலகை 30 கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாகத் தூக்க நினைக்காதீர்கள். கனமில்லாத பி.வி.சி. ஷீட் ஈரத்துக்கு அருமை, விலைதான் கூட. பூச்சி அரிக்காமல் இருக்க ரசாயனம் ஏற்றிய மரத்தை உள்பக்கம் பயன்படுத்தவே கூடாது. பழைய வீட்டை இடித்த மரமும் வேண்டாம், அதில் என்ன பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

முழுவதும் கம்பி வலையால் ஆன கூண்டு வீட்டுக்குள் சரிப்படாது. சூடும் ஈரமும் நிற்காது. கோழி வலை இன்னும் மோசம். நகம் அதில் மாட்டி விரலே கழன்றுவிடும். காற்றுத் துவாரங்களுக்கு மட்டும் பி.வி.சி. பூசிய, 12 மி.மீ. கண் உள்ள கெட்டி வலை போடுங்கள்.

முன்பக்கக் கதவுக்குக் கண்ணாடி என்றால் டஃபன்ட் கண்ணாடி. அக்ரிலிக் என்றால் மெல்லியது வாங்காதீர்கள், சூட்டிலும் ஈரத்திலும் வில்லாக வளைந்து கதவு மூடாமல் போகும். முன்பக்கத்தின் கீழ் ஒரு அடியைப் பலகையாகவே விடுங்கள், அல்லது வெளியிலிருந்து காகிதம் ஒட்டி மறையுங்கள். கண்ணாடி என்று புரியாமல் இகுவானா மூக்கால் உரசிக்கொண்டே இருக்கும். எங்கள் பச்சையனின் மூக்கு நுனியில் இன்றும் செதில் இல்லாத ஒரு வழுக்கை உண்டு. தொட்டியில் இருந்த காலத்தின் அடையாளம்.

கதவுக்குத் தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் ஒன்று மட்டும் வைத்தால் கீழ்மூலையைத் தள்ளித் தலையை நுழைத்துப் பார்க்கும்.

5. வெட்டி, பூசி, காயவிடுவது

வெட்டும் வேலையைப் பலகை வாங்கும் இடத்திலேயே கொடுத்துவிடுங்கள். நேராக வரும், வீட்டில் தூசி இருக்காது. அளவை எழுதும்போது பலகையின் கனத்தைக் கழிக்க மறக்காதீர்கள். இரண்டு பக்கச் சுவர் என்றால் 36 மி.மீ. போய்விடும்.

அவசரப்படக் கூடாத வேலை பூச்சுதான். தண்ணீரில் கரையும் பாலியூரிதேன் பூச்சை மூன்று கோட் அடியுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடையுங்கள். பலகையின் முகத்தைவிட வெட்டிய விளிம்புகளுக்குத்தான் அதிகம் வேண்டும். ஈரம் உள்ளே இறங்குவது அங்கேதான். என் பழைய கூண்டின் அடிவிளிம்பு எட்டே மாதத்தில் ரொட்டி போல ஊதியது. முகத்தில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

மூலைகளை சிலிக்கானால் அடையுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் வேண்டாம், மீன்தொட்டிக்கு ஏற்றது என்று போட்டிருப்பதை வாங்குங்கள்.

அப்புறம் கதவைத் திறந்து போட்டுவிட்டு இரண்டு வாரம் காத்திருங்கள். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். மூடி வைத்து, மறுநாள் காலை திறந்து மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள். வாடை வந்தால் இன்னும் ஒரு வாரம். உள்ளே 35 டிகிரி சூடு ஏறும்போது மிச்சமிருக்கும் ஆவியெல்லாம் வெளியே வரும், அதைச் சுவாசிக்கப் போவது ஒரு சின்ன நுரையீரல்.

6. சூடு

வெயில் காயும் தட்டின் மேற்பரப்பில் 35 டிகிரி செல்சியஸ். கூண்டின் வெதுவெதுப்பான பக்கம் 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 26, 27. இரவில் 23 முதல் 25. இந்த நான்கு எண்களையும் கூண்டின் மேல் எழுதி ஒட்டுங்கள். இகுவானா இலை தின்னும் பிராணி. இலையைக் குடலில் புளிக்கவைத்துத்தான் செரிக்கும், அதற்குச் சூடு வேண்டும். சூடு குறைந்தால் சாப்பிட்டது அப்படியே வயிற்றில் கிடக்கும்.

சூடு மேலிருந்து வர வேண்டும். கடையில் "சூடான பாறை" என்று ஒன்று தருவார்கள். எனக்கும் தந்தார்கள், தொட்டியோடு இலவசமாக! வாங்காதீர்கள், கொடுத்தாலும் வைக்காதீர்கள். வயிற்றுப்பக்கம் வெந்துகொண்டிருப்பதை உணர்ந்து விலகிப்போக இகுவானாவுக்குத் தெரிவதில்லை. தீக்காயம் வரும்வரை அதன்மேலேயே படுத்திருக்கும்.

ஒற்றைப் பெரிய பல்பு போட்டால் முதுகில் ஒரு வட்டம் மட்டும் சுடும், உடம்பின் மற்ற பகுதி குளிர்ந்தே இருக்கும். மொத்த உடம்புக்கும் சூடு போதாததால் அங்கேயே கிடந்து முதுகைச் சுட்டுக்கொள்ளும். தலை முதல் இடுப்பு வரை சூடு பரவ, 75 வாட் பல்புகள் இரண்டோ மூன்றோ வரிசையாக மாட்டுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக் கம்பிக் கூடு. கூடு இல்லாத பல்பின் மேல் ஏறி உட்காரப் பார்க்கும். நம்பாவிட்டால் போகட்டும், கூடு மட்டும் போட்டுவிடுங்கள்.

இரவுச் சூட்டுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர். சிவப்பு, நீல "இரவு பல்பு" எல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். செராமிக் ஹீட்டருக்குப் பீங்கான் ஹோல்டர்தான், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்.

எல்லாச் சூட்டுக் கருவியும் தெர்மோஸ்டாட் (வெப்பநிலையை அளந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) வழியாகப் போகட்டும். பல்புக்கு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை. செராமிக்குக்கு சாதாரண வகை போதும். அதன் உணர்முனையைக் கிளிப் போட்டு இறுக்குங்கள். அது நழுவிக் கீழே குளிர்ந்த தரையில் விழுந்தால், "சூடு போதவில்லை" என்று நினைத்து ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்துகொண்டே இருக்கும்.

7. புற ஊதா விளக்கு

இதில் தவறினால் கூண்டில் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. யு.வி.பி. என்ற வகைப் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடம்பு வைட்டமின் டி3 தயாரிக்கும். அது இல்லாவிட்டால் சாப்பிடும் கால்சியம் எலும்பில் சேராது. தாடை மெத்தென்று ஆகும், கால் வீங்கும், விரல்கள் நடுங்கும்.

என் கதை இதுதான். தொட்டியோடு ஒரு சுருள் பல்பு கொடுத்தார்கள். நானும் அதைக் கண்ணாடி மூடிக்கு மேலே, வெளியே வைத்தேன். ஊதா நிறத்தில் அழகாக எரிந்தது. பதினோராம் மாதத்தில், இலையை நீட்டியபோது பச்சையன் வாயைத் திறந்தான், மூட முடியவில்லை. கீழ்த்தாடை ஒரு பக்கம் ரப்பர் போலத் தொங்கியது. மருத்துவர் தாடையை விரலால் லேசாக அமுக்கிக் காட்டிவிட்டு, "விளக்கு எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். சாதாரணக் கண்ணாடி யு.வி.பி.யை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. மாதக்கணக்கில் மருந்து. தாடை தேறியது, ஆனால் கொஞ்சம் கோணல்தான்.

ஆகவே: டி5 ஹை அவுட்புட் வகை நீளக் குழல்விளக்கு, யு.வி.பி. 10 அல்லது 12 சதவீதம் என்று குறித்தது, பின்னால் பிரதிபலிப்பானோடு. கூண்டுக்கு உள்ளேயே, வெயில் தட்டுக்கு மேலே, சூட்டு பல்புகளுக்குப் பக்கத்தில். விளக்குக்கும் பிராணியின் முதுகுக்கும் இடைவெளி பொதுவாக 30 முதல் 45 செ.மீ. உங்கள் விளக்கின் பெட்டியிலேயே தூர அட்டவணை இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். நடுவில் வலை இருந்தால் கதிர் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். புற ஊதா அளவி இரவல் கிடைத்தால் பாருங்கள், முதுகு மட்டத்தில் புற ஊதாக் குறியீடு 3 முதல் 5 வரை இருப்பது நல்லது. கூண்டின் மறுபக்கம் நிழலாக இருக்கட்டும், வேண்டாம் என்றால் அது விலகிப் போக இடம் வேண்டுமே.

விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே யு.வி.பி. தீர்ந்துபோகும், நம் கண்ணுக்குத் தெரியாது. மாட்டிய அன்றே குழலின் ஓரத்தில் மார்க்கரால் தேதி எழுதுங்கள். 12 மாதத்தில் மாற்றுங்கள்.

8. வயரிங்கும் மின்கட்டணமும்

தண்ணீர் தெளிக்கும் பெட்டிக்குள் மின்சாரம் விடுகிறோம். இந்த ஒரு வேலைக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் அந்த இணைப்பில் இருக்க வேண்டும். வயர்கள் கூண்டுக்கு வெளியே ஓட வேண்டும். உள்ளே ஹோல்டர் மட்டும். பிளக் பாயிண்ட்டுக்கு வரும் வயர் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். நீட்டிப்புப் பலகையைத் தரையில் வைக்காதீர்கள்.

பகல் விளக்குகளுக்கு டைமர், 12 மணி நேரம்.

செலவுக் கணக்கு: மூன்று 75 வாட் பல்பு, 54 வாட்டில் ஒரு யு.வி.பி. குழல், 54 வாட்டில் ஒரு வெள்ளைக் குழல் என்றால் மொத்தம் 333 வாட். 12 மணி நேரத்துக்கு 4 யூனிட். இரவு 150 வாட் செராமிக் இடைவிடாமல் எரிந்தால் 1.8 யூனிட். ஆக ஒரு நாளைக்கு 5 முதல் 6 யூனிட், மாதத்துக்கு 150 முதல் 180. உங்கள் ஊர்க் கட்டணத்தால் பெருக்கிப் பாருங்கள், 15 வருடத்துக்கும் பெருக்கிப் பாருங்கள். கூண்டு கட்டும் செலவில் மரத்துக்கும் பூச்சுக்கும் ஒரு பாதி போனால், விளக்கு, தெர்மோஸ்டாட், வயரிங்குக்கு இன்னொரு பாதி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்க நினைத்தால் மரத்தில் பிடியுங்கள். பெயின்ட் சுமாராக இருந்தால் இகுவானா ஒன்றும் சொல்லாது.

9. உள்ளே என்ன வைப்பது

வெயில் தட்டு அதன் உடம்பைவிட அகலமாக இருக்க வேண்டும். 40 செ.மீ. அகலத்தில், சுவர் நீளத்துக்கு ஒரு தட்டு, அதற்கு எதிரே கொஞ்சம் தாழ்வாக இன்னொன்று. இரண்டையும் இணைத்துச் சாய்வாக ஒரு தடித்த கிளை. கிளை அதன் உடம்புத் தடிமனாவது இருக்கட்டும், பட்டை சொரசொரப்பாக இருக்கட்டும். வெளியிலிருந்து போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டு முடுக்குங்கள். பிறகு 10 லிட்டர் தண்ணீர் கேனை அதில் தொங்கவிட்டு ஆட்டிப் பாருங்கள். கிளை அசையாவிட்டால் தேறிவிட்டது.

வெளியிலிருந்து வெட்டிய கிளை என்றால் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, நல்ல வெயிலில் பல நாள் காயப்போடுங்கள். அரளிக் கிளையும் அரளிச் செடியும் எந்தக் காரணத்துக்காகவும் பக்கத்தில் வரக் கூடாது, முழுவதும் நஞ்சு. உயிர்ச்செடி ஆசை இருந்தால் செம்பருத்தி வையுங்கள். ஒரு வாரத்தில் மொட்டையாகும், அதனால் கெடுதல் இல்லை.

தரைக்கு வினைல் விரிப்பு, ஓரங்களைச் சுவரில் 10 செ.மீ. மடித்து ஏற்றி. மேலே செய்தித்தாள். மரத்தூள், மணல், கூழாங்கல் எதுவும் வேண்டாம். நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் பிராணி, வயிற்றுக்குள் போனால் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர்த் தொட்டி, அது முழுதாக இறங்கி உட்காரும் அளவில். தண்ணீரில்தான் மலம் கழிக்கும் என்பதால் தினமும் மாற்ற வேண்டும். தூக்க முடியாத அளவுக்குப் பெரிதாக வாங்காதீர்கள், நீங்கள்தான் தூக்கப்போகிறீர்கள். அதைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது, கழுவிய கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பெண் இகுவானா என்றால் தரையில் ஒரு பெட்டிக்கு இடம் விட்டு வையுங்கள். ஆண் துணை இல்லாமலேயே முட்டை போடும். தோண்டுவதற்கு ஈர மண் இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஈரப்பதம் 65 முதல் 75 சதவீதம். காலையும் மாலையும் தெளித்தால் போதாத வீடுகளில் டைமர் வைத்த தெளிப்பான் உதவும். ஈரம் நிற்க வேண்டும் என்று எல்லாத் துவாரத்தையும் அடைத்துவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ஒரு பக்கச் சுவரின் அடியில் ஒரு துவாரம், எதிர்ச் சுவரின் உச்சியில் ஒன்று. சூடான காற்று மேலே வெளியேறும்போது கீழிருந்து புதுக்காற்று தானே வரும்.

10. காலிக் கூண்டை ஒரு வாரம் ஓட்டுங்கள்

எல்லாம் தயார் என்றதும் கை பரபரக்கும். பொறுங்கள். விளக்கு, ஹீட்டர், தெளிப்பான் எல்லாம் வழக்கம்போல ஏழு நாள் ஓடட்டும். காலை, மதியம், மாலை, நள்ளிரவு என நான்கு வேளை, நான்கு இடத்தில் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். சுவரில் ஒட்டும் வட்டமான முள் தெர்மோமீட்டரை நம்பாதீர்கள். என் கூண்டில் அது 33 காட்டிக்கொண்டிருந்தபோது தட்டின் மேற்பரப்பு 46. அகச்சிவப்புத் துப்பாக்கி தெர்மோமீட்டரில் பார்த்ததால் தப்பித்தேன். தட்டை 15 செ.மீ. கீழே இறக்கி மாட்டியதும் 35க்கு வந்தது. தட்டை இறக்கினால் யு.வி.பி. விளக்குக்கும் அதற்கும் உள்ள தூரமும் மாறும், மறக்காமல் விளக்கையும் சரிசெய்யுங்கள்.

எட்டுக் கிலோப் பிராணி உள்ளே இருக்கும்போது தட்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், இந்த ஒரு வாரத்தின் அருமை தெரியும்.

வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால் மொத்தம் ஏழெட்டு வாரம் பிடிக்கும். வரைபடத்துக்கும் வாங்குவதற்கும் ஒரு வாரம், வெட்டிப் பொருத்த இரண்டு, பூச்சுக்கு ஒன்று, காய இரண்டு, வயரிங்குக்கு ஒன்று, ஓட்டிப் பார்க்க ஒன்று. விற்பவரிடம் முன்பணம் கொடுக்கும்போதே இந்தத் தேதியைச் சொல்லிவிடுங்கள். "இந்த வாரமே எடுத்துப் போங்க" என்பார், அசையாதீர்கள்.

11. குடியேற்றும் நாள்

காலையில், விளக்கு எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து விடுங்கள். கதவைச் சாத்திவிட்டு அறையை விட்டுப் போய்விடுங்கள். முதல் நாலைந்து நாள் சாப்பிடாமல் இருக்கலாம், உடம்பு கறுத்துத் தெரியலாம். மூலையில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு மறைவிடம் கொடுத்தால் சீக்கிரம் தெளியும். ஒரு வாரம் தாண்டியும் எதுவும் தொடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொஞ்ச நாளில் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் படியும். சளி பிடித்துவிட்டதோ என்று நான் பதறினேன். உப்புதான் அது. உடம்பில் மிஞ்சும் உப்பை இகுவானா மூக்கு வழியாகத் தும்மி வெளியேற்றும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மறுநாள் காலை மறுபடி இருக்கும்.